மேலே வெள்ளம் உண்டா?

மலை அளவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். வந்த உடனே புலியைப் பற்றிக் கேட்டீர்கள். நான் சொன்ன பதில் உங்களுக்குத் திருப்தியாக இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. புலியை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் என்னைப் பார்த்தது, பிறகு தன் வழியில் போய்விட்டது. யானை ஒரு முறை துரத்தியது. காய்ச்சலில் பலமுறை கிடந்தேன். இவற்றைச் சொல்லி உங்களை வியக்கவைக்கலாம், ஆனால் வேலைக்கு உதவாது. என் உயிருக்கும் என் கூட வந்தவர்கள் உயிருக்கும் மிக அருகில் ஆபத்து வந்தது ஒரு வார்த்தையால். அதைத்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் யாரும் சாகவில்லை.

நான் மலைக்கு வந்தது நேர்வழியில் அல்ல. அதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு நாள் புதுக்கடையிலிருந்து வந்த ஒருவர், அந்த ஊர்ப் பெரிய வியாபாரி ஒருவர் ‘போயிட்டாரு’ என்று சொல்லிவிட்டுப் போனார். அச்சுக் கோப்பவர் கறுப்புக் கட்டம் போட்டு எழுத்துகளை அடுக்கத் தொடங்கினார். வியாபாரி எந்த நோயில் இறந்தார் என்று எழுத வேண்டுமே என்பதற்காக நான் ஆள் அனுப்பிக் கேட்டேன். அவர் கொழும்புக்குக் கப்பலேறப் போயிருந்தார். கட்டத்தைக் கலைத்தோம். அன்று முதல், ஒரே செய்தியை வேறு வார்த்தையில் இன்னொரு முறை கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெரிய திறமை என்று சொல்ல மாட்டேன். பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அளவைப் பிரிவில் வழி காண்பவனாகச் சேர்ந்தேன். நிலப்படத்தில் எதுவும் வரையாமல் விட்டிருக்கும் இடத்துக்குள் முதலில் போய், உள்ளே எப்படி நுழையலாம், எங்கே தங்கலாம், எப்படி வெளியே வரலாம் என்று சொல்வது என் வேலை. ஊரில் என்னை ‘மலையேறி’ என்று கூப்பிட்டார்கள். விளக்கு அணைந்தாலும் மலையேறியது என்றுதான் சொல்வார்கள் என்பதால் என் மாமியாருக்கு அந்தப் பெயர் கடைசிவரை பிடிக்கவில்லை.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது. கோதையாற்றுக்கு மேலே, படத்தில் வெறும் தாளாகக் கிடந்த ஓர் உயரமான பள்ளத்தாக்கு. அதற்குள் போக எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. பெயரில்லாத ஒரு கிளையாறு பாறையைப் பிளந்துகொண்டு இறங்கி வரும் இடுக்கு அது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. ஆற்றுக்குள் இறங்கி, ஆற்றோடு நடந்துதான் போக வேண்டும். முடிவில் ஓர் அருவி. மேலே இருப்பவர்கள் கயிறு விட்டால் அதன் பக்கத்துப் பாறையில் ஏறலாம்.

முந்தைய கோடையில் ஒரு முறை மேலே போய்த் தோற்றுத் திரும்பியிருந்தோம். இடுக்கில் ஓடும் நீர் அருவியடிப் பாறைக்கடியிலிருந்து ஊறி வருகிறது. அதற்கு மேலே ஆற்றுத்தடம் காய்ந்து கிடந்தது. குடிக்க நீரில்லாமல் இறங்கினோம். அதனால் இரண்டாம் முறை ஐப்பசி வரை காத்திருந்தோம். அந்த வருடம் ஐப்பசி பிறந்தும் மழை பிடிக்கவில்லை. மேலே நீர் இருக்குமா என்ற சந்தேகம் தீரவில்லை.

எங்கள் தலைவர் நாகர்கோவில் மிஷன் பள்ளியில் படித்தவர். அதிகம் பேச மாட்டார், பேசியதை மாற்றவும் மாட்டார். அவர் முதலில் சத்தியநேசனை இரண்டு சுமையாட்களோடு மேலே அனுப்பினார். சத்தியநேசன் திருவட்டாற்றுக்காரர், என் வயதுக்காரர், அவருக்குப் பாறையில் நடப்பது தெருவில் நடப்பது போல. சில நாளைக்கு மட்டும் போதுமான அரிசியோடு அவர்கள் போனார்கள். அது தீரும் நாளில் நாங்கள் இடுக்கின் வாசலுக்கு வந்து குரல் கொடுப்பது என்று பேச்சு. மேலே குடிநீர் இருந்தால் அரிசி மூட்டைகளோடு ஏறுவோம். இல்லையென்றால் பாதிச் சுமை தண்ணீர் டின்களாக இருக்கும்.

கயிற்று வேலைக்காகக் கடியப்பட்டணத்திலிருந்து சூசை என்ற மீன்பிடிக்காரரை அழைத்து வந்திருந்தோம். அவர் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் பேசும்போதும் படகிலிருந்து படகுக்குக் கூப்பிடும் குரலில்தான் பேசுவார். மலை அவருக்குப் பிடிக்கவே இல்லை.

“மீனில்லாத ஊருக்கு வழி கண்டுபிடிச்சு என்னத்தவே செய்யப் போறிய?” என்று தினமும் ஒரு முறையாவது கேட்பார்.

குறித்த நாள் காலையில் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். நல்ல வெயில். ஆறு முழங்காலுக்கும் கீழே, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் தெளிவோடு ஓடியது. வாசலில் ஒரு பெரிய பாறை உண்டு. அதன்மேல் ஏறி நின்றால் இடுக்குக்கு மேலே, அருவியின் தலைப்பில் இருக்கும் மேடு நேராகத் தெரியும். நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், குரலுக்கு அவ்வளவு தூரமில்லை. சத்தியநேசன் அங்கே நின்றிருந்தார். ஆள் என்று தெரியும், முகம் தெரியாது.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சூசையிடம் கேள்வியைச் சொன்னேன். இங்கேதான் கவனிக்க வேண்டும்.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கம் நாங்கள் குடிப்பது தண்ணி. வெள்ளம் என்றால் கரை மீறி வருவது. திருவட்டாற்றுப் பக்கம் போனால் குடிப்பதே வெள்ளம்தான். ஒரு மடக்கு வெள்ளம் தா என்று கேட்பார்கள். கரை மீறி வருவதற்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது, வெள்ளப்பொக்கம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சந்தையில் இதை வைத்துக் கேலி பேசுவதும் உண்டு.

கேட்கப்போவது திருவட்டாற்றுக்காரரை. ஆகவே நான் அவர் வார்த்தையிலேயே கேட்கச் சொன்னேன்.

சூசை இரண்டு கையையும் வாயருகே குவித்தார். “மேல வெள்ளம் உண்டா...?”

பாறைகளில் எதிரொலி அடங்கியது. பிறகு பதில் மெல்லிசாக வந்தது. “உண்டு... நெறைய உண்டு...”

“உண்டாம். நெறைய உண்டாம்,” என்றார் சூசை, பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கேட்காதது போல.

“நல்லதாப் போச்சு,” என்றார் தலைவர். “டின்னெல்லாம் இங்கயே கெடக்கட்டும். அரிசிய எடுங்க. மேல மூணு பேரு பசியோட நிக்கானுவ.”

நான் பாறைமேல் நின்று கையை உயர்த்தி அசைத்தேன். புரிந்தது, நன்றி என்று அர்த்தம். மேலே அவரும் கையை அசைத்தார். தலைவரும் இரண்டு சுமையாட்களும் மூட்டைகளோடு இடுக்குக்குள் இறங்கி, முதல் வளைவில் மறைந்தார்கள். நானும் சூசையும் டின்களை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சக் கயிற்றோடு பின்னால் போவதாக ஏற்பாடு.

போவதற்கு முன் பாறைமேலிருந்தே தூரக்கண்ணாடியை எடுத்து மேட்டை ஒரு முறை பார்த்தேன். காரணம் எதுவும் இல்லை, கையில் இருந்தது, பார்த்தேன். சத்தியநேசன் இன்னும் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மற்ற இருவரும் பாய்களையும் பாத்திரங்களையும் சுமந்துகொண்டு சரிவில் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் அடுப்பிலிருந்து எடுத்த பானை இருந்தது.

குடிக்க நிறைய நீர் கிடைத்தவர்கள் எதற்காக அடுப்பைக் கலைத்து மேட்டுக்கு ஓடுகிறார்கள்?

“சூசை, இன்னொரு தடவ கேளும்.”

“என்னத்தக் கேக்க? உண்டுன்னு சொல்லியாச்சுல்லா.”

“என்ன வெள்ளம்னு கேளும்.”

சூசை என் முகத்தைப் பார்த்தார். கடல்காரர், இதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை. கேள்வியை அவரே செய்துகொண்டார். “குடிக்கியதுக்குள்ள வெள்ளமா... ஆளக் குடிக்கிய வெள்ளமா...?”

இந்த முறை பதில் உடனே வந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக. “ஆளக் குடிக்கியது! வெள்ளப்பொக்கமாக்கும்! வரண்டாம்! வரண்டாம்!”

“எக்க மாதாவே,” என்றார் சூசை. அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

எங்களுக்கு மேலே வானத்தில் மேகமே இல்லை. மழை பின்பக்க மலையில் கொட்டியிருக்கிறது. மேலே இருந்தவர்கள் ஆற்றுத்தடத்தின் தூரக் கோடியில் அது பெருகி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுக்கு முழுவதும் நீரின் இரைச்சல், உள்ளே போனவர்களுக்குச் சூசையின் குரல்கூட எட்டாது. யாராவது போய்த்தான் சொல்ல வேண்டும். கூப்பிடப் போகிறவனும் உள்ளே மாட்டிக்கொள்ளலாம், அது எனக்குத் தெரிந்தது. ஆனால் தவறான செய்தியைக் கொடுத்து அவர்களை அனுப்பியவன் நான்தான், அதைத் திருத்தினால் தலைவர் நம்புவதும் என்னைத்தான். முதல் வளைவுக்குப் பக்கத்தில், பாறையில் ஒரு திட்டு உண்டு. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே. அங்கே ஏறிக் கயிற்றைக் கட்டித் தொங்கவிடும்படி சூசையிடம் சொன்னேன்.

“நான் வரல்லேன்னா...” என்று தொடங்கினேன்.

“வராம எங்கவே போவேரு? மீன் பிடிக்கவா?” என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

நான் பாறையிலிருந்து குதித்து இடுக்குக்குள் ஓடினேன்.

பாதி வழிக்கும் சற்று அப்பால் அவர்களைப் பிடித்தேன். தலைவர் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்.

“சார், திரும்பணும். வெள்ளம் வருது.”

“அதான் உண்டுன்னு சொன்னீரே.”

“அது தண்ணியில்ல சார். பெருவெள்ளம். வராதீங்கன்னு சொல்றாரு.”

தலைவர் மேலே பார்த்தார். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு கீற்று நீல வானம். கீழே பார்த்தார். அவர் கால்விரல்கள் நீருக்குள் தெளிவாகத் தெரிந்தன.

“பாதிக்கு மேல வந்தாச்சு,” என்றார். “வருதுன்னா முன்னாலதான் போகணும். அருவிப் பக்கம் ஏறிருவோம்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தூரத்தை மட்டும் பார்த்தால் முன்னால் போவதுதான் குறைவு. மேலே பசித்திருப்பவர்களும் அந்தப் பக்கம்தான். ஆனால் முன்னால் கயிறு தொங்குகிறதா என்று எங்களுக்குத் தெரியாது. வெள்ளம் முதலில் வந்து விழுவதும் அங்கேதான். பின்னால் தூரம் அதிகம், ஆனால் அங்கே சூசை இருக்கிறார். நான் இதைத்தான் சொன்னேன், இவ்வளவு வார்த்தைகளில் அல்ல. “பின்னால கயிறு இருக்கு சார். முன்னால இருக்கான்னு தெரியாது.”

“நிச்சயமாத் தெரியுமா, வெள்ளம்தான்னு?”

“ரெண்டாந்தடவையும் கேட்டேன் சார்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு வானத்தைப் பார்க்கவோ, என்னிடம் இன்னொரு முறை கேட்கவோ இல்லை. பல தலைவர்களோடு வேலை செய்திருக்கிறேன். முடிவு எடுத்தபின் பாதி மனதோடு நடப்பவர்கள்தான் அதிகம். இவர் முழுக்கத் திரும்பினார்.

சுமையாட்களிடம் மூட்டைகளைப் போடச் சொன்னார். மூத்தவர் அசையவில்லை. “சாரே, அரிசிய இஞ்ச போட்டா அவனுவ என்னத்தத் தின்னுவானுவ?”

“ஒண்ணப் போடு. ஒண்ண மாத்தி மாத்திச் சுமப்போம்,” என்றார் தலைவர். சொன்னபடி, தன் முறை வந்தபோது தோளைக் கொடுத்தார். பூட்ஸ் மூட்டைக்கு இடைஞ்சலாக இருந்தது, அதை ஆற்றில் விட்டார்.

நீர் நிறம் மாறியதை முதலில் கண்டது யார் என்று நினைவில்லை. கூழாங்கற்கள் மங்கின, பிறகு தெரியவில்லை. காய்ந்த இலைகள் பாய் பாயாக வந்து முழங்காலில் ஒட்டின. நீர் உயர்ந்ததாகத் தோன்றவில்லை, ஆனால் தொடையில் குளிர் தெரிந்தது. பின்னால், மரப்பாலத்தில் பல கட்டைவண்டிகள் சேர்ந்து ஏறுவது போன்ற சத்தம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் வளைவில் கயிறு தொங்கியது. சூசை மேலே பாறையில் காலை உதைத்து உட்கார்ந்திருந்தார். மூட்டை முதலில் போயிற்று. யாரும் அப்படிச் சொல்லவில்லை, மூத்த சுமையாள் கட்டிவிட்டார். பிறகு இரண்டு சுமையாட்கள், பிறகு நான். தலைவர் கயிற்றைப் பிடித்தபோது நீர் அவர் இடுப்புக்கு வந்திருந்தது. நாங்கள் நான்கு பேரும் இழுத்தோம். அவர் திட்டில் வந்து விழுந்தபின் எட்டிப் பார்த்தேன். கீழே ஆறு என்று எதுவும் இல்லை. செம்மண் நிறத்தில் ஒரு சுவர் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் கற்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை பாறை வழியாக எங்கள் முதுகுக்கு வந்தது.

மூச்சு வாங்கியபடி பாறையோடு ஒட்டிக் கிடந்தோம். பிறகு தலைவர் கத்திக் கேட்டார். “அந்த டின்னெல்லாம்?”

“தண்ணி கொண்டு போறதுக்குன்னு வாங்கின டின்னு,” என்றார் சூசை. “தண்ணியே கொண்டு போயிட்டுது.”

நாங்கள் சிரித்தோம். அவ்வளவு பெரிய வேடிக்கை அதில் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று நிறுத்த முடியவில்லை. தலைவர் வெறுங்காலை நீட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

திட்டிலிருந்து மேடு தெரியாது. இரைச்சலில் சூசையின் குரல் எங்கள் காதுக்கே சரியாக எட்டவில்லை. மழை இறங்கி வந்து எங்களையும் பிடித்தது. பாறை விளிம்போடு மெல்ல நகர்ந்து பழைய முகாமுக்குத் திரும்பினோம். தப்பித்தோம் என்ற எண்ணம் உடம்பு முழுவதும் பரவியிருந்தது. மேலே இருப்பவர்கள் பசியோடு இருப்பார்களே என்றுதான் கவலைப்பட்டோம். வேறு எதையும் யோசிக்கவில்லை.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ அதைச் சொல்லிவிடுகிறேன். வேற்றூர்க்காரரோடு வேலை செய்யும்போது அவர் பேச்சைக் கற்றுக்கொள்ளுங்கள், அதில் பேசிப் பழகுங்கள், நல்லதுதான். ஆனால் ஆபத்து நேரத்தில் மரியாதைக்காக அவர் வார்த்தையை எடுக்காதீர்கள். உங்கள் வார்த்தையில் கேளுங்கள். அவர் தன் வார்த்தையில் சொல்லட்டும். உண்டு, இல்லை என்று முடியும் கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். மேலே என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தால் அன்று ஒரே பதிலில் எல்லாம் தெரிந்திருக்கும்.

தவறு யாருடையது என்று பிற்பாடு தலைவர் கேட்டார். எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மழை விட்டு ஆறு இறங்கியபின் மறுபடி இடுக்குக்குள் போனோம். போட்டுவிட்டு வந்த மூட்டை இருந்த இடத்தில் ஒரு புதிய பாறை கிடந்தது. அருவியடிக்குப் போய்ச் சூசை குரல் கொடுத்தார். மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. சத்தியநேசனோடு போன சுமையாட்களில் ஒருவர். பார்த்தவர் கயிற்றை விடாமல் அப்படியே நின்றார். பிறகு பின்னால் திரும்பிக் கத்தினார். “ஏலே! ஆளு இருக்கு! எல்லாரும் இருக்கு!”

கயிறு வந்தது. முதலில் நான் ஏறினேன். சத்தியநேசன் விளிம்புக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனதும் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மழையில் விளிம்பில் நின்று எங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போயிருந்தது. என் தோளைத் தொட்டார், கையைத் தொட்டார். அடுத்து ஏறி வந்த தலைவரையும் அப்படியே தொட்டார். சுமையாட்களையும். சூசையைத் தொட்டபோது சூசை, “நான்தானவே, பேயில்ல,” என்றார். வழக்கமான குரல் வரவில்லை.

பிறகு என் காதருகே வந்து, மிகவும் சிரமப்பட்டு, சத்தியநேசன் சொன்னார்: “வரண்டாம்னு நான் விளிச்சேன். நீரு அதக் கேட்டுட்டு உள்ள ஓடினீரு.”

அப்போதுதான் மேலேயிருந்து அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது. தலைவர் முன்பே உள்ளே போய்விட்டதை அவர் கண்டிருக்க முடியாது, வாசல் பாறையும் அதன்மேல் நின்ற நானும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. வராதே என்று கத்தியவுடன் ஒருவன் குதித்து இடுக்குக்குள் ஓடியதையும், சற்று நேரத்தில் வெள்ளம் அதே இடுக்கை நிறைத்ததையும் அவர் பார்த்தார். அதன்பின் எங்களில் யாரையும் பார்க்கவில்லை.

“முதல்ல கேட்டப்போ வெள்ளப்பொக்கம்னு சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“விளிச்சது சூசைன்னாலும் கேக்கியது நீருல்லா. நீரு நாகருகோயிலுக்காரரு. வெள்ளம்னு நீரு கேட்டா அது பொக்கம்தானேன்னு நெனச்சேன். உமக்க வார்த்தையிலயே சொன்னேன்.”

“நான் உம்ம வார்த்தையில கேட்டேன்.”

அவர் சிரிக்கப் பார்த்தார், அதுவும் காற்றாகத்தான் வந்தது. பிறகு அங்கேயே, ஈரப் பாறையில், உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் அடுப்பு மூட்டச் சொன்னார். ஈர விறகு பிடிக்க நேரமாயிற்று. அரிசியும் ஈரத்தில் ஊறிப் புளித்த வாடை அடித்தது, கஞ்சி குழைந்துபோயிற்று. மற்ற இருவரும் வேகுமுன்பே அள்ளத் தொடங்கினார்கள். சத்தியநேசனுக்குத் தலைவரே ஊற்றிக் கொடுத்தார். அவர் ஒரு மடக்குக் குடிப்பார், நிமிர்ந்து எங்களை வரிசையாகப் பார்ப்பார், மறுபடி குனிந்து குடிப்பார். அவர் குடித்து முடிக்கும்வரை நாங்கள் யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.